சிமியுலேட்டர் வாங்குமுன்: மட்டக்களப்பிலிருந்து நண்பனுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் பகலில் வெக்கை தாங்க முடியவில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறார். உன் மகளும் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் பெரும் மகிழ்ச்சி.

நம் பட்ச் நண்பர்கள் பணம் திரட்டி, இங்குள்ள இளம் வைத்தியர்கள், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமெராவின் உதவியோடு செய்யும் லெப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சையைப் பழகுவதற்கு, அதைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் ஒரு மெய்நிகர் சிமியுலேட்டர் வாங்கித் தரலாம் என்று எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் பணத்தை அனுப்புமுன் சில விடயங்களை நீங்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முகத்தில் மாட்டும் கண்ணாடியைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தாய். லெப்பரஸ்கோப்பிப் பயிற்சிக்கென்று வரும் சிமியுலேட்டர்களில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. உண்மையான சத்திரசிகிச்சையிலும் நாங்கள் திரையைப் பார்த்துத்தானே வேலை செய்கிறோம். ஆகவே ஒரு திரையும், இரண்டு கைப்பிடிகளும், அவற்றின் அசைவைக் கணினிக்குச் சொல்லும் உணரிகளும் இருந்தால் போதும். நீ சிறுவர் வைத்தியத்துக்குப் போய் நெடுங்காலமாகிவிட்டபடியால், பழகுபவருக்கு இதில் உள்ள கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுச் சுவரில் இட்ட துளையைச் சுற்றியே கருவி திரும்புவதால், கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும்; கை உயர்ந்தால் நுனி இறங்கும். வாவியில் தோணிச் சுக்கான் பிடித்தவனுக்கு இது புதிதல்ல என்றாலும், ஆழம் காட்டாத தட்டைப் படமொன்றைப் பார்த்து ஓட்டவேண்டிய தொல்லை அவனுக்கு இல்லை.

சென்ற வாரம், நிபுணத்துவத்துக்குப் பயிலும் ஒரு ரெஜிஸ்ட்ரார் சாதாரணப் பயிற்சிப் பெட்டியில் (துளைகள் வழியே உண்மையான கருவிகளை நுழைத்து, உள்ளே நடப்பதைத் திரையில் பார்க்கும் பெட்டி) பழகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு சிறிய ரப்பர் துண்டுகளை ஒரு பக்கத்து முளைகளிலிருந்து இடக்கைக் கருவியால் தூக்கி, அந்தரத்திலேயே வலக்கைக் கருவிக்கு மாற்றி, மறுபக்கத்து முளைகளில் போட்டு, பிறகு அதேபோல் திரும்பக் கொண்டுவர வேண்டும். கைமாற்றும் அந்தக் கணத்தில் வலக்கைக் கருவி, துண்டை எட்டுமுன்பே வெறும் காற்றில் வாயை மூடிக்கொண்டது. அடுத்த முறை துண்டைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் சுவரில் முட்டியது. தோள்கள் காதுவரை ஏறியிருக்க, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார். இந்தத் தடுமாற்றத்தையெல்லாம் ஒரு நோயாளியின் பித்தப்பையில் நடத்துவதைவிட ரப்பர் துண்டில் நடத்தி முடிப்பது நல்லது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

சிமியுலேட்டரில் பழகியது சத்திரசிகிச்சைக் கூடத்தில் பயன்படுமா என்ற உன் கேள்விக்கு, பயன்படும் என்பதே பதில். 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 16 பயிலுநர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மிஸ்ட்-விஆர் என்ற சிமியுலேட்டரில் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரையும் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தெடுக்கச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அந்த வேலையை 29 வீதம் விரைவாக முடித்தார்கள். பித்தப்பையைக் காயப்படுத்துவதோ, வேறு இழையத்தைச் சுடுவதோ பயிற்சி பெறாதவர்களிடம் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. 2009இல் டென்மார்க்கில், லாப்சிம் சிமியுலேட்டரில் பழகிய மகப்பேற்று, பெண்நோயியல் பயிலுநர்கள் பலோப்பியன் குழாயை அகற்றும் சத்திரசிகிச்சையைச் சுமார் 12 நிமிடத்தில் முடிக்க, பழகாதவர்களுக்கு 24 நிமிடம் பிடித்தது. பழகியவர்களின் திறன், 20 முதல் 50 வரையான சத்திரசிகிச்சைகளைச் செய்தவர்களின் திறனுக்கு ஒப்பாக இருந்ததாம்.

இதில் நீ கவனிக்க வேண்டியது வேறொன்று. மிஸ்ட்-விஆரின் திரையில் ஈரலும் இல்லை, இரத்தமும் இல்லை. வெறும் உருண்டைகளும் பெட்டி வடிவங்களும்தான். இவ்வளவு எளிய படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பலன் கிடைத்ததற்குக் காரணம், அனுபவமுள்ள வைத்தியர்களைச் செய்ய வைத்து ஒரு மட்டத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, அதை எட்டும்வரை பயிலுநரை விடாமல் பழக்கியதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒழுங்கைப் பெட்டியிலும் கொண்டுவரலாம். அமெரிக்காவில் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எஃப்எல்எஸ் என்ற லெப்பரஸ்கோப்பி அடிப்படைப் பரீட்சையின் கைத்திறன் பகுதி நடந்ததே பெட்டியில்தான். நேரத்தையும் பிழைகளையும் குறித்துக்கொள்ள ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதும், கருவி நுனி எவ்வளவு தூரம் வீணாக அலைந்தது என்பதைச் சாதாரணப் பெட்டி கணக்கிட்டுச் சொல்லாது என்பதும் உண்மை; அங்கே சிமியுலேட்டருக்கே வெற்றி. ஆனால் தையல் பழகுவதற்கு உண்மையான ஊசியும் நூலும் தரும் உணர்வை, கைக்கு எதிர்விசை காட்டாத இயந்திரம் தரமாட்டாது. கோழித்தொடையின் தோலை உரித்தும், தோடம்பழச் சுளையைக் கிழியாமல் பிரித்தும் இங்கே பழகுகிறார்கள்; இவை எந்த மென்பொருளிலும் இல்லை.

கைத்திறன் வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் எண்ணிவிடாதே. 2003இல் சான் பிரான்சிஸ்கோவின் சத்திரசிகிச்சை நிபுணர் லோரன்ஸ் வே என்பவரும் சகாக்களும், லெப்பரஸ்கோப்பியில் பித்தக்கான் காயப்பட்ட 252 சம்பவங்களை ஆராய்ந்தபோது, 97 வீதமானவற்றில் அடிப்படைக் காரணம் கண் ஏமாந்தது என்று கண்டார்கள். கைத்திறன் குறைவால் நேர்ந்தவை 3 வீதம் மட்டுமே. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்கானையே, வெட்ட வேண்டிய பித்தப்பைக் கான் என்று நம்பி, உறுதியான கையால் அழகாக வெட்டிவிடுகிறார்கள். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தாம் போகின்றன என்பதைத் தெளிவாகக் கண்ட பின்பே கிளிப் போட்டு வெட்ட வேண்டும் என்று 1995இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பேர்க் வற்புறுத்தியதை ஒரு பயிலுநருக்கு ஊட்டுவதற்கு, பக்கத்தில் நின்று "இப்போது வெட்டாதே" என்று சொல்லும் மூத்தவர் வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. முதலில் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை என்று மூன்று இடங்களிலும் நல்ல பயிற்சிப் பெட்டிகளையும், பழகுவதற்கென்றே ஒதுக்கிய கருவிகளையும் கொடுப்போம். ரெஜிஸ்ட்ரார்களுக்கு ஓய்வு கிடைப்பது இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் என்பதால், பெட்டி இருக்கும் அறையின் சாவி வார்டில் இருக்க வேண்டும். நிர்வாகக் கட்டடத்தில் நாலு மணியோடு பூட்டப்படும் அறை வேண்டவே வேண்டாம். சிமியுலேட்டர் அதன் பிறகு வரட்டும், அதுவும் ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக. ஓரிடத்தில் நன்கொடையாக வந்த விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று, மென்பொருள் அனுமதியைப் புதுப்பிக்க ஆளில்லாமல் துணி போர்த்தியபடி கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உப்புக்காற்றில் எந்த மின்சாதனமும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதும் உனக்குத் தெரியும்.

எனவே விற்பனையாளரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு அனுப்பு: ஐந்து வருடப் பராமரிப்பு விலையில் அடங்குமா, பழுதுபார்ப்பவர் கொழும்பில் இருக்கிறாரா, அனுமதிக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு. பதில் வந்ததும் இங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் நான் பேசுகிறேன். பெட்டிகளுக்கான செலவுக் கணக்கை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். அதுவரை பணத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்