மழைக்கு முன்பே ஊசி போட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாலாக்களில் (மழைநீர் போகும் பெரிய சாக்கடைக் கால்வாய்களில்) தூர்வாரத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தியையும், மழைக்காலத்துக்கு வீட்டில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்த பெட்டிச் செய்தியையும் நம் பத்திரிகையின் மும்பைப் பதிப்பில் படித்தேன். டார்ச், மெழுகுவத்தி, ரேஷன் கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சர்க்கரை மாத்திரை என எல்லாமே உருப்படியான குறிப்புகள். வீட்டில் வளர்க்கும் நாய், பூனையைப் பற்றியும் நாலு வரி சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தாராவியில் குடியிருக்கிறேன். சயான் பக்கம் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, டிரிப் ஏற்றுவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் என் வேலை. நம் மக்கள் கொண்டுவரும் நாய்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ், சுருக்கமாக லெப்டோ) தடுப்பூசியை மழை தொடங்கிய பிறகு போட நினைக்காதீர்கள். இப்போதே, ஏப்ரல் மே மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் என்றால் என்ன என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஊரெல்லாம் இந்தக் காய்ச்சல் பேச்சுதான். அதே கிருமிதான் நாயையும் பிடிக்கிறது. எலியும் பெருச்சாளியும் மூத்திரம் விட்ட தண்ணீர் சந்தில் கணுக்கால் அளவுக்கு நிற்கும். நாய் அதில் நடக்கும், தாகம் எடுத்தால் அதையே நக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும். கண், வாய், மூக்கு வழியாகவும் கிருமி உள்ளே போகும். போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பத்தாவது மாடியில் வளரும் நாய்க்கும் இதே கதைதான், காலையில் கீழே இறங்கி அந்தத் தண்ணீரில்தானே அதுவும் நடக்கிறது?

போன மழையில் கும்பார்வாடா பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் நாட்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“யக்கா, நேத்துலேருந்து சோறு வெச்சா மோந்து பார்த்துட்டுப் போய்ப் படுத்துக்குது.”

“வாந்தி எடுத்துச்சா தம்பி? மூத்திரம் என்ன நிறத்துல போகுது?”

“நேத்து மஞ்சளாப் போச்சு. இன்னைக்குக் காலைல டிகாஷன் மாதிரி இருந்துச்சுக்கா.”

மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆரோக்கியமான நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் வந்துவிடும். இதற்கு ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சள் பூத்திருந்தன. வயிற்றில் கை வைத்ததும் முனகியது. டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றே டிரிப்பும் மருந்தும் தொடங்கினார். அந்த நாய் பிழைத்துக்கொண்டது. அவன் உடனே தூக்கி வந்ததுதான் காரணம். ‘மழைக்குளிர், தானாகச் சரியாகிவிடும்’ என்று நாலைந்து நாள் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால், சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. செலவும் ஆயிரக்கணக்கில் ஓடிவிடும். தடுப்பூசிக்கு ஆகும் காசு அதில் ஒரு சிறு பங்குதான்.

“வெறிநாய்க்கடி ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன?” என்று பலர் கேட்கிறார்கள். அது ரேபிஸுக்கு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் தொடர வேண்டும், அதில் மாற்றமில்லை. எலிக்காய்ச்சலுக்கு வேறு ஊசி. பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசியோடு சேர்ந்து வரும். ஆனால் எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருக்காது. வீட்டில் இருக்கும் தடுப்பூசி கார்டை எடுத்து, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘லெப்டோ’ என்றோ கடைசியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் கார்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், முதல்முறை போடும் நாய்க்கு ஒரு டோஸ் போதாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து இரண்டாவது டோஸ் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் உடம்பில் முழு எதிர்ப்பு உண்டாகும். மும்பையில் மழை ஜூன் இரண்டாம் வாரத்தில் இறங்கிவிடும். மே முதல் வாரம் ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று என்று போட்டால் சரியாக இருக்கும். ஜூன் கடைசியில் முதல் ஊசிக்கு வந்தால், ஜூலை வெள்ளத்தில் அந்த நாய் பாதுகாப்பில்லாமல்தான் நடக்கும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. இந்தக் கிருமியில் பல வகை உண்டு, ஊசி எல்லா வகையையும் தடுக்காது. அதனால் ஊசி போட்ட நாயையும் தேங்கிய தண்ணீரில் விடாதீர்கள். வெளியே போய் வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துணியால் ஒற்றி எடுங்கள்.

நாய்க்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டால் அதன் மூத்திரத்தில் கிருமி பல வாரம் வெளியேறும். கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், உங்கள் குடும்ப டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அளவு நாயின் எடையைப் பொறுத்தது.

அடுத்தது உண்ணி. மழை ஈரத்தில் இது பெருகும். போன செப்டம்பரில் ஒரு பொமரேனியனின் காதுமடலைத் திருப்பினால், உள்ளே தோலே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு ஒட்டியிருந்தன. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தேன். கையால் நசுக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மா, “வாராவாரம் குளிப்பாட்டுறேனே, திரும்பத் திரும்ப எங்கேருந்து வருது?” என்று கேட்டார். சுவரிலிருந்துதான் வருகிறது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வெடிப்பை அப்படியே விட்டால் தீராது. வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள், நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவையுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். அப்படி ஒரு சொட்டைப் பார்த்தாலும் அன்றே கிளினிக்குக்கு வந்துவிடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது கைமருந்து. மண்ணெண்ணெய் தடவுகிறார்கள், பினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள். இரண்டும் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பூனைக்கோ பினாயில் நஞ்சு. நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைப் பூனைமேல் விட்டால் உடம்பு உதறி, வலிப்பு வந்து செத்துப்போகும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். ஒரு பூனையைக் கொல்ல ஒரே ஒரு மாத்திரை போதும். தயவுசெய்து இந்த ஒன்றையாவது பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா.

சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை நாளில் வேலைக்குப் போகிறவர்கள் நாயைத் தரைத்தளத்தில் வாசற்கம்பியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். மித்தி ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் மளமளவென்று ஏறும், ரயில் நின்றுவிட்டால் நீங்கள் வந்துசேர ராத்திரி ஆகும். கட்டிய நாய்க்கு நீந்தித் தப்பிக்கவும் வழியில்லை. ரெட் அலர்ட் சொன்ன நாளில் அவிழ்த்து மேலே பரணிலோ மாடியிலோ விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

இப்போது அடிக்கும் வெயிலும் லேசானதல்ல. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். மும்பைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த இரைப்பும் சரியாகப் பலன் தருவதில்லை. 35 டிகிரிதானே என்று இருந்துவிட முடியாது. மூக்கு சப்பையான பக் இன நாய்களைத் தகரக் கூரைக்குக் கீழே பகலில் அடைத்துவைப்பது ஆபத்து. நாய்க்கு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடுதான். 104 தாண்டினால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்து, உடனே தூக்கி வாருங்கள். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிக் காணாமல்போகும் நாய்களைப் பற்றி அக்டோபரில் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்குக் கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதிவையுங்கள், வெள்ளத்துக்கும் அது உதவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மும்பையில் நம் ஊர்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் நற்பணி மன்றங்களும் கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம் எல்லாம் நன்றாக நடத்துகின்றன. மே மாதம் ஒரு நாய் தடுப்பூசி முகாமும் நடத்தினால், கிளினிக் படி ஏறத் தயங்கும் எத்தனையோ குடும்பங்கள் வரும். பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டாக்டர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்குள் வையுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும் என்பதால் ஐஸ் பெட்டி தேவை. காய்ச்சலாக இருக்கும் நாய்க்கும் சினையாக இருக்கும் நாய்க்கும் டாக்டர் பார்க்காமல் போட வேண்டாம். இரண்டாவது டோஸ் தேதியை கார்டிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். நாயைப் பிடிக்கப் பழகிய ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே வருகிறேன், வாய்க்கட்டுக்குத் துணியும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கால்நடை கிளினிக் உதவியாளரான ஒரு வாசகி,
தாராவி, மும்பை