ரோபோக் கரம் இரண்டாவது கையாகட்டும்: இரு துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஃபிட்டர் பிரிவில் 26 ஆண்டுகள் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் இடது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்த ஓர் இளைஞர், மறுபடியும் இயந்திரத் தொழிலே கற்க வேண்டும் என்று வந்தபோது, அரம் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்று சொல்லி அவரைக் கணினிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தோம். அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அந்த முடிவு தவறு என்பதைச் சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் கண்ணால் கண்டேன்.

அங்கே ஒரு கை மட்டுமே உள்ள ஒருவர் பம்பு உறைக்கு போல்ட் பூட்டிக்கொண்டிருந்தார். கோபாட் என்று சொல்லப்படும், கூண்டுக்குள் அடைக்கப்படாமல் மனிதருக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோக் கரம், உறையை அவருடைய மார்பு உயரத்தில் ஏந்திப் பிடித்திருந்தது. அவர் போல்ட்டை விரலால் ஏற்றி, ஸ்பேனரால் முடுக்கி, காலடி மிதியைத் தட்டியதும், அடுத்த துளை அவர் பக்கம் வரும்படி கரம் உறையைத் திருப்பிக் கொடுத்தது. பட்டறை மேசையில் பொருத்தும் பிடிகருவியான வைஸ் இறுக்கிப் பிடிக்கும். இப்படித் திருப்பிக் கொடுக்காது.

அதைவிட முக்கியமானது, அந்த அசைவுகளைக் கரத்துக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே என்பதுதான். பல கோபாட்டுகளில் கட்டுப்பாட்டுப் பலகையின் பொத்தானை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி மறு கையால் கரத்தை நகர்த்திக் காட்ட வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் அவரால் அது இயலவில்லை. பட்டறை எலெக்ட்ரீஷியன், இடர் மதிப்பீடு செய்த பின், அந்தப் பொத்தானின் வேலையை ஒரு கால் மிதிக்கு மாற்றிக் கொடுத்தார். அன்று முதல் அவர் கரத்தைத் தானே பிடித்து நகர்த்தி, ஒவ்வொரு துளைக்கும் இடம் காட்டுகிறார். ரோபோ நீட்டுவதை வாங்கிப் பூட்டுபவராக மட்டும் பழக்கினால், அடுத்த ஆண்டு அந்த வேலையையும் ரோபோவே செய்துவிடும். அதை இயக்கவும் நிரல் அமைக்கவும் தெரிந்தவரையோ எந்தத் தொழிற்சாலையும் எளிதில் இழக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படிக் கோபாட் பயிற்சி தரப் புதிதாக நிலையங்கள் கட்ட வேண்டியதில்லை. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் 71 நிலையங்கள், ரூ.2,877 கோடித் திட்டத்தில் தொழில் 4.0 எனப்படும், கணினியும் ரோபோவும் இணைந்த நவீன உற்பத்தி முறையின் தரத்துக்கு உயர்த்தப்பட்டு, ரோபோ தொழில்நுட்பமும் அங்கே பாடமாகியுள்ளது. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், அதற்குரிய ஆதரவும் வசதியும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. முதற்கட்டமாகச் சில மையங்களிலாவது, சக்கர நாற்காலி உள்ளே நுழையும் மேசையும், மாற்றிப் பொருத்தக்கூடிய மிதிகளும் பொத்தான்களும் கொண்ட ஒரு கோபாட் பணியிடத்தை அமைத்துத் தாருங்கள்.

ஆனால் கோபாட் பாதுகாப்பானது என்ற விற்பனையாளரின் சொல்லை மட்டும் நம்பி இதைத் தொடங்கிவிடாதீர்கள். கோபாட் மோதினால் உடலின் எந்த இடம் எவ்வளவு விசை வரை தாங்கலாம் என்று பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 2016இல் வெளியிட்ட டிஎஸ் 15066 என்ற ஆவணம் வரம்பு வகுத்திருக்கிறது. அந்த வரம்புகளுக்கு அடிப்படை, நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்கள் வலியை உணரத் தொடங்கும் அளவு. தண்டுவடக் காயத்தாலோ தொழுநோயாலோ தொடுவுணர்வை இழந்தவருக்கு அந்த வலியே தெரியாது. கரம் விரலை நசுக்கினாலும் அவர் கையை இழுத்துக்கொள்ளமாட்டார். நிற்பவருக்கு மார்பளவில் சுழலும் கரம், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முகத்துக்கு நேரே சுழலும். முகத்திலோ தலையிலோ மோதுவதை இயன்றவரை தடுக்க வேண்டும் என்கிறது அந்த ஆவணம். காது கேளாதவருக்கு எச்சரிக்கை மணியால் பயனில்லை, விளக்கு வேண்டும். ஆகவே இடர் மதிப்பீட்டை இயந்திரத்துக்கு ஒருமுறை செய்து முடித்துவிடாமல், பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அவரையும் ஓர் இயன்முறை மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று எழுத்துவடிவில் ஆணையிடக் கோருகிறேன். அவசர நிறுத்தப் பொத்தான் பயிற்சி பெறுபவரின் கைக்கோ காலுக்கோ உண்மையில் எட்டுகிறதா என்பதை அவரையே அழுத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும் இடத்தில் அதே மிதியும் அதே மேசையும் இல்லையென்றால் கற்றது வீணாகும் என்பதால், தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே அந்தப் பணியிட மாற்றங்களையும் நிறுவனங்கள் ஏற்கும்படி செய்யுங்கள்.

நாங்கள் திருப்பி அனுப்பிய அந்த இளைஞரின் தொலைபேசி எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. வரும் சேர்க்கையில் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரிடம் சொல்லலாமா என்பதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்