கையில் கிடைத்த தார்ப்பாய் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். தண்ணீர், உப்பு, வண்டி டயரின் காற்று என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொன்னவர், நிழலுக்கு வந்ததும் கையில் கிடைத்த தார்ப்பாயைக் கட்டினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் நாங்கள் செய்ததும் அதுவேதான்.

நீல பிளாஸ்டிக் தார்ப்பாய். தலைக்கு ஒரு முழம் மேலே, நாலு மூலையும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தோம். காலை 10 மணி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 12 மணிக்கு என் மகள் "அப்பா, வெளியிலேயே உட்காரலாம் போல இருக்கு" என்றாள். கையைத் தூக்கிப் பாய்க்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பார்த்தேன், எரிகிற அடுப்புக்கு முன்னால் நீட்டியது மாதிரி உள்ளங்கை சுட்டது. வெயிலை அது தடுத்தது உண்மைதான், ஆனால் தடுத்த வெயிலைத் தானே வாங்கிச் சூடேறி அந்தச் சூட்டை அப்படியே எங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தது, அடியில் தேங்கிய சூடான காற்றுக்கும் மேலே போக வழியில்லை. சாயங்காலம் காற்று எழுந்தபோது பாய் படகுப் பாய் மாதிரி உப்பி, மூலை வளையம் துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும், எந்தக் கயிறு தாங்கும்?

செலவு அதிகமாகாமல் வேண்டுமென்றால் நாற்றுப் பண்ணைகளில் போடுகிற நிழல் வலையை வாங்குங்கள். 50%, 70%, 90% என்று அதில் போட்டிருப்பது எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கு, முகாமுக்கு 70-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். நெய்த வலையைவிடப் பின்னிய வலை நல்லது, வெட்டினாலும் ஓரம் பிரிந்துகொண்டே போகாது. கறுப்பு வலையும் சூடாகும், ஆனால் அந்தச் சூட்டைக் காற்று வலைக் கண்களின் வழியாக எடுத்துக்கொண்டு போய்விடும். அரபுப் பாலைவனத்து நாடோடிகளான பெடூயின் மக்களின் கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரத்திலும் தளர்ந்த நெசவின் இடைவெளி வழியாகத்தான் சூடான காற்று வெளியேறுகிறது. அலுமினியம் கலந்த வெள்ளி நிற வலை கிடைத்தால் அதுதான் முதல் தரம், மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும், அடிப்பக்கமும் சூட்டைக் கீழே அதிகம் விடாது. விலை கூடுதல், அதனால் பகலில் உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு போதும். அவசரத்துக்கு உடம்பில் போர்த்திக்கொள்கிற மெல்லிய வெள்ளி நிறப் படலமும் வெயிலை நன்றாகவே திருப்பும், ஆனால் காற்றில் ஒரு கிழிசல் விழுந்தால் முழுவதும் போச்சு.

வலை வாங்க முடியாதவர்கள், தார்ப்பாயே வைத்திருப்பவர்கள், அதற்கு ஒரு சாண் கீழே பழைய வெள்ளைப் பருத்தி விரிப்பு ஒன்றைக் கட்டுங்கள், மேல்பாயின் சூடு விரிப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒட்டக் கூடாது, இடையில் காற்று ஓடியாக வேண்டும், இதில் முக்கியமே அந்த இடைவெளிதான். கூடாரத்தின் மேல் வலை போட்டாலும் இதே மாதிரி இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும்.

அப்புறம் மேற்குப் பக்கம். 3 மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே வரும், கூரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயனில்லை, அந்தப் பக்கம் மட்டும் ஒரு துண்டைத் தொங்கவிட வேண்டும். வலைக்கடியில் இருந்தாலும் குழந்தைகளுக்குத் தொப்பி வேண்டும், 70% வலை என்றால் மீதி 30% உள்ளே வருகிறது.

மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. மூலை வளையத்தையும் நம்பாதீர்கள், ஒரு வழவழப்பான கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுற்றி, கல்லுக்கு அடியில் துணி குவிகிற கழுத்தில் கயிற்றை இறுக்கினால் இழுப்பு ஒரே புள்ளியில் விழாது. இரண்டாம் முறை போனபோது இப்படித்தான் கட்டினோம், இரவு முழுக்கக் காற்று அடித்தும் ஒரு மூலைகூட விடவில்லை.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். குழந்தைகளோடு கிளம்புகிறவர்களும் அதைப் படித்துத்தான் பாய் வாங்குவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்