வாளைவிடப் பொன்னுக்கே அன்று மதிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தொடக்கத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அரக்கர்களை வெட்டிச் சாய்க்கும் ஆட்டமாக மட்டுமே இருந்தது என்றும், மதிநுட்பமும் கற்பனையும் பிற்பாடுதான் வந்து சேர்ந்தன என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை நடத்திவருபவன் என்ற முறையில் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த இந்த ஆட்டம், பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது என்பது உண்மையே. ஆனால், எதைச் செய்தால் பாத்திரம் வளரும் என்று விதி சொல்கிறதோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் நாடுவார்கள். பழைய விதி அந்த வளர்ச்சியைப் பொன்னோடு பிணைத்திருந்தது. 1981இல் வந்த தொடக்கநிலைப் பதிப்பின்படி, ஒரு போர்வீரன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஓர்க் என்னும் அரக்கன் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது 10 புள்ளி; நிலவறையிலிருந்து மீட்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. வெட்டியே முன்னேற நினைப்பவன் தன் பங்குக்கு மட்டும் 200 ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். முதல் நிலையில் அவனுக்குள்ள உயிர்ப்புள்ளிகளோ எட்டுப் பக்கப் பகடையை ஒருமுறை உருட்டினால் விழும் எண்தான். அது பூச்சியமானால் மரணம். எனவே காவலர்களின் கண்ணில் படாமல் நழுவுவதும், பேரம் பேசுவதும், ஒரு மணி நேரமே எரியும் தீப்பந்தம் அணைவதற்குள் வெளியேறுவதுமே கெட்டிக்காரரின் ஆட்டமாக இருந்தது.

இந்தப் பழைய விதிகளின்படி எங்கள் மேசையில் ஆடியபோது, ஒருவர் தம் பாத்திரத்தின் தோற்பையிலிருந்த குடிநீர் முழுவதையும் தரையில் ஊற்றுவதாகச் சொன்னார். நீர் எந்தக் கல்லிடுக்கில் இறங்குகிறது என்று கேட்டே, மூடியிருந்த பொறிக்குழியைக் கண்டுபிடித்துவிட்டார். பகடையை யாரும் தொடவில்லை.

1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற சாகசத் தொகுப்புகளின் வரிசை, ஆயத்தமான நாயகர்களையும் நெடுங்கதைப் பாதையையும் மேசைக்குக் கொண்டுவந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது விரும்பினால் கொள்ளலாம் என்ற அளவுக்குச் சுருங்கியது. 2000இன் மூன்றாம் பதிப்பில் அது நீங்கி, எதிரிகளை வெல்வதே புள்ளி சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. 2008இன் நான்காம் பதிப்போ கட்டம் கட்டமாக நகர்த்தும் போருக்கே பெரிதும் இடமளித்தது. கட்டுரையாளர் தொடக்க காலத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் அந்தப் போர்மோகம், விதிகளைப் பார்த்தால், கால் நூற்றாண்டு கழித்துத்தான் தலையெடுத்தது.

2014இன் ஐந்தாம் பதிப்பில் உயிர்ப்புள்ளி பூச்சியமானாலும் பாத்திரம் பெரும்பாலும் உடனே சாவதில்லை. இருபது பக்கப் பகடையை உருட்டி மூன்று முறை தோற்றால்தான் சாவு. புள்ளிக் கணக்கே இல்லாமல், கதை ஒரு கட்டத்தை எட்டியதும் நிலை உயர்த்தவும் அது இடம் தருகிறது. தம் பாத்திரத்துக்குப் பக்கம் பக்கமாக முன்கதை எழுதிவரும் இளைஞர்களுக்கு இந்தக் கனிவு தேவை. இதை நான் சரிவாகக் கருதவில்லை. அதே வேளையில், 2006இல் வந்த ஓஸ்ரிக் என்ற விதிநூல் போன்ற முயற்சிகள் பழைய விதிகளை மீண்டும் ஒழுங்குபடுத்தித் தந்ததால், பழைய பாணியில் ஆட விரும்புவோரும் இன்று பெருகியிருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தை முதன்முறையாக அறியவரும் வாசகர்கள் பலர் அக்கட்டுரையைப் படித்திருப்பார்கள் என்பதால், தொடக்க காலம் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்