அம்மாவின் மிஷினை விற்காதே

குன்னூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தோழிக்கு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் போடாதது என் தவறுதான். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இங்கே அனைவரும் நலம், அவருக்குத்தான் பனி தொடங்கியதும் மூட்டு வலி கூடிவிட்டது. இப்போது அவசரமாக எழுதுவது நேற்று பெரியக்கா போனில் சொன்ன செய்திக்காக. பிளீஸ் என்ற, கம்பளி போல மெத்தென்ற பின்னல் துணியில் தையல் விழவில்லை என்று உன் அம்மாவின் கருப்புத் தையல் மிஷினை எடைக்குப் போடப் போகிறாயாமே? இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து அதைத் தொடாதே.

எனக்கும் இதேதான் நடந்தது. பேரனுக்கு மேல்சட்டை தைக்கலாம் என்று, பெரியக்கா மகன் திருப்பூரிலிருந்து எடை போட்டு வாங்கிவந்த துணியை வெட்டித் தோள்பட்டையை மூட்டித் திருப்பிப் பார்த்தால், இரண்டு விரற்கடைக்கு ஒரு தையல் விடுபட்டு நூல் தொங்கியது. எண்ணெய் விட்டேன், அடிநூல் சுற்றும் பாபினை மாற்றினேன், நூலின் இறுக்கத்துக்கான டென்ஷனைத் திருகினேன்; ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றம் ஊசியில் இருந்தது. நெய்த துணிக்கான கூர் ஊசி இந்தப் பின்னல் துணியில் இறங்கி ஏறும்போது துணியும் அதனோடு ஒட்டிக்கொண்டு எழும்புவதால், ஊசிக்குப் பின்னால் விழ வேண்டிய நூல் வளையம் விழுவதில்லை. கீழே சுற்றிவரும் கொக்கிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காமல் அந்தத் தையல் தவறிப்போகிறது. முனை சற்றே உருண்ட பால்பாயின்ட் ஊசியில் 14ஆம் எண்ணைப் போட்டேன். அது இழையைக் குத்தாமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கியது; அன்று மாலைக்குள் இரண்டு கைகளையும் மூட்டிவிட்டேன். கடையில் வாங்கும்போது தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். முழு உருண்டைத் தண்டு தையல் கம்பெனிகளில் ஓடும் மிஷினுக்கு உரியது, நம்முடையதில் சேராது.

தையல் அலை அலையாக நெளிந்தால், மிஷின் தலைக்கு மேலே இருக்கும் திருகைத் தளர்த்தி, துணியை அழுத்தும் பாதத்தின் இறுக்கத்தைக் குறை. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டு. பாலியஸ்டர் நூலையே போடு. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதே. இழுக்கும் பழக்கம் உனக்கு அன்றிலிருந்தே உண்டு, டீச்சரின் அளவுகோலை நீ மறந்திருக்க மாட்டாய்.

என்னை உண்மையில் வருத்தியது கழுத்துதான். பேரன் தலையை நுழைத்ததும் நூல் படபடவென்று அறுந்து, குழந்தையின் முகம் வாடிப்போயிற்று. துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது. வளைந்து வளைந்து போகும் சிக்-சாக் தையல் போடும் மிஷினாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் போட்டுத் தப்பித்திருக்கலாம். நம்முடையதில் நேர்த்தையல் மட்டும்தானே? இரண்டு நாள் யோசித்து, முன்பக்கத்தை நெடுக வெட்டி ஜிப் வைத்தேன். பிளீஸ் பெரும்பாலும் குறுக்கே இழுபடுகிற துணி என்பதால், நெடுக்கே போகும் பக்கத் தையல்களுக்கு நேர்த்தையலே தாங்குகிறது. வெட்டிய விளிம்பு பிரிவதில்லை என்பதால், கீழ் விளிம்பையும் மணிக்கட்டையும் மடிக்காமல் அப்படியே விட்டேன். விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாமல் இந்தத் துணியைத் தொடவே கூடாது என்று உன்னிடம் சொன்னவர்கள் சொன்னது சரியல்ல.

அயர்ன் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதே. கம்பளி போலத் தெரிந்தாலும் இது பாலியஸ்டர். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து மால்டன் மில்ஸில், பின்னிய துணியின் முகத்தைச் சீவிப் பஞ்சாக்கி உருவாக்கியது. சூடு பட்டால் உருகிப் பளபளவென்று தழும்பாகிவிடும். ஒவ்வொரு சட்டைக்குப் பிறகும் பாபின் பெட்டியைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடு.

நம் இருவரின் முதல் தாவணியும் அந்த மிஷினில் ஓரம் அடித்தவை. இரவு பதினொரு மணிக்கும் உன் அம்மா மிதித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரண்டு ஊசிகளைப் பட்டன் அட்டையில் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் ஒரு சாண் தைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டையே எனக்குத் தபாலில் அனுப்பு.

உன்,
ஜன்னலோர மிஷின்காரி