விண்வெளிக் கவசத்தைச் சூதாட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளும் கேம் பழக்கமும் பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனில் காசு கட்டி ஆடுவதைப் பற்றி அதில் சொல்லியிருந்தது அத்தனையும் சரி, ஒரு வரியைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் கடைசிப் பத்தியில், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளையும் சேர்த்து ஒரே கூண்டில் ஏற்றிவிட்டார் கட்டுரையாளர். அதுதான் மனசு ஆறவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்து ஸ்டார்ஃபைண்டர் நடத்துகிறேன். அமெரிக்காவின் பைசோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட விளையாட்டு இது. விண்கலமும் இருக்கும், மந்திரமும் இருக்கும், அப்படி ஒரு உலகம். இதற்குப் போன் வேண்டாம். தாள், பென்சில், பகடைகள் (முக்கியமாக இருபது முகம் உள்ளது), அப்புறம் பேச வாய், அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்று சொல்வார்கள், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். தாயம் ஆடி வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை.

இந்தப் பிள்ளைகள் சண்டைக் காட்சிக்குக் கொடுக்கும் நேரத்தைவிடத் தங்கள் பாத்திரம் போட்டுக்கொள்ளும் விண்வெளிக் கவசத்துக்குக் கொடுக்கும் நேரம்தான் அதிகம். அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவர் கையிலும் 1,000 கிரெடிட், அதாவது ஆட்டத்துக்குள் மட்டும் செல்லுகிற கற்பனைக் காசு. ஆயுதம், கவசம், கயிறு, விளக்கு எல்லாம் அதற்குள் முடித்தாக வேண்டும். 'செகண்ட் ஸ்கின்' என்று உடம்போடு ஒட்டின மாதிரி ஒரு மெல்லிய கவசம், 250 கிரெடிட். அதில் கூடுதல் கருவி பொருத்த ஒரே ஒரு ஸ்லாட்தான் உண்டு. இருட்டில் 60 அடி தூரம் பார்க்க வைக்கிற அகச்சிவப்பு சென்சார் 200 கிரெடிட், அதை மாட்டினால் ஸ்லாட் தீர்ந்தது. அடியைக் கவசம் எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற காப்பு எண்ணும் இரண்டு: லேசர், மின்சாரம், நெருப்பு இவற்றுக்கு ஒன்று, தோட்டா, கத்தி, நகம் இவற்றுக்கு இன்னொன்று. கனமான கவசம் எடுத்தால் காப்பு கூடும், ஆனால் உடம்பு அவ்வளவாக வளைந்து ஒதுங்க முடியாது, பல கவசங்களில் நடையும் குறையும். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளை உட்கார்ந்து யோசிக்க வைப்பது மூச்சுக்காற்று. கவசம் எந்த நிலையோ (லெவல்) அத்தனை நாளைக்குத்தான் அது வெற்றிடத்தில் உயிரைக் காக்கும், முதல் நிலைக் கவசம் என்றால் ஒரே நாள், அதை மணிக்கணக்கில் பிரித்துச் செலவு செய்யலாம். உடைந்து மிதக்கும் ஒரு கலத்துக்குள் நுழைய எத்தனை மணி, தேட எத்தனை மணி, திரும்பி வர எத்தனை மணி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாளில் கூட்டிக் கழித்துவிட்டு, 'ரெண்டு மணி நேரம் கையில வச்சுக்கலாம், எதுக்கும் ஆகும்' என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து இதை வரவழைக்க முடியும்?

ஒரு பெண் பிள்ளையின் பாத்திரம் காசாதா என்று இந்த ஆட்டத்தில் வரும் வேற்றுக்கிரக இனம், அதற்கு நான்கு கைகள். வேறொருவருடைய கவசம் கிடைத்தால் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ள இந்த ஆட்டத்தில் முடியாது, உடம்புக்குத் தகுந்தபடி திருத்த வேண்டும். அவள் அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். 'அக்கா, நாலு கைக்குழி வெட்டுனா முதுகுப் பக்கம் இழுக்காதா?' என்று கேட்டாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முன்பாகம் தனி, முதுகு தனி என்று வரைந்து, மேல் கைக்குழிக்கும் கீழ்க் கைக்குழிக்கும் நடுவில் வளைந்து கொடுக்கிற மாதிரி ஒரு துண்டைச் சேர்த்து, தையல் எங்கே வரும் என்பதைப் புள்ளி வைத்துக் காட்டினாள். நிலவில் இறங்கிய அப்பல்லோ வீரர்களின் உடைகளைப் பெண்களுக்கான உள்ளாடை செய்துவந்த கம்பெனியில் தையல்காரப் பெண்கள்தான் தைத்தார்கள் என்று அப்போது அவளிடம் சொன்னேன். உண்மையான செய்தி அது. அடுத்த வாரம் அவள் அம்மாவே மாடி ஏறி வந்து, அந்த உடையில் எத்தனை அடுக்குத் துணி என்று என்னைக் கேட்டார்.

வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், மீனவக் குடும்பம். எல்லோரும் ஸ்லாட்டில் எதை மாட்டுவது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் 'கயிறு எங்கக்கா? கயிறு இல்லாம எவனாவது எறங்குவானா?' என்றான். கலத்தோடு தன்னைக் கட்டிக்கொள்ளாமல் அவன் பாத்திரம் இன்றுவரை வெளியே போனதில்லை. 1965 மார்ச் 18ஆம் தேதி முதன்முதலாக விண்ணில் நடந்த ரஷ்யர் அலெக்ஸி லியோனவும் கயிற்றோடுதான் போனார். வெற்றிடத்தில் அவர் உடை உப்பிப்போய் உள்ளே திரும்ப முடியாமல், வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டுத்தான் நுழைந்தார். அந்தக் கதையைக் கேட்ட பிறகு, எங்கள் ஆட்டத்தில் எல்லாக் கவசத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு வந்துவிட்டது. புத்தகத்தில் இல்லாத விதி, பிள்ளைகள் சேர்த்தது.

இதைப் போய், செல்போன் கேமில் விற்கிற 'ஸ்கின்'னோடு எப்படி ஒன்றாக வைப்பது? அங்கேயும் கவசம்தான், பளபளப்பும் அதிகம்தான். ஆனால் அது பெரும்பாலும் வெறும் தோற்றம், அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் வரும், போகாவிட்டால் வராது. நடுவில் பிள்ளை யோசிக்க எதுவுமே இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் பணம் போன வீடு இருக்கிறது, அந்தத் தாயின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம்கூட, பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டு மற்ற விளையாட்டுகளை வளர்க்க வேண்டும் என்று பிரித்துத்தான் பேசுகிறது. சட்டம் பிரித்துப் பார்க்கும்போது ஒரு நாளிதழ் பிரித்துப் பார்க்கக்கூடாதா?

துப்பாக்கியும் சண்டையும் இதிலும் வருகிறதே என்று கேட்பார்கள். வருகிறது. அதை எவ்வளவு காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பது கதை நடத்துபவர் கையில் இருக்கிறது, பெற்றோர் பக்கத்தில் வந்து உட்காரலாம். எங்கள் மாடியில் தாராளமாக உட்காருகிறார்கள்.

எனக்கு இரண்டு வேண்டுகோள் இருக்கின்றன. உங்கள் மாணவர் பகுதியில் இந்த மாதிரி மேசை விளையாட்டுகளுக்கு வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் ஆங்கிலம், அதுவும் சட்டப் புத்தகம் மாதிரியான ஆங்கிலம், அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்காகக் கவசப் பகுதியை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அப்படியே கொடுத்துவிடுகிறேன், பேர்கூடப் போட வேண்டாம். இரண்டாவது, நூலகத் துறைக்கு உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்கிறேன். ரோமன் ரோலண்ட் நூலகமோ கிளை நூலகமோ, வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் ஒதுக்கினால் போதும். நடத்த நான் வருகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மொட்டை மாடி உதவாது, ஐப்பசிக்குள் ஒரு பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி