நெல்லையில் மன்றம் தொடங்கும் நண்பனுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது. ஆடித் தள்ளுபடி முடிகிற வரைக்கும் நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது, ஆனாலும் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். சின்னவன் பத்தாவதுக்கு வந்துவிட்டான். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோஷியல் மீடியா வேலை பார்ப்பவர்களைச் சேர்த்து நெல்லையில் ஒரு மன்றம் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கோவையில் நாங்கள் நடத்தும் மன்றத்தின் அனுபவத்தில் சொல்கிறேன், கண்டிப்பாகத் தொடங்கு. "இந்த வேலை பார்க்கிற ஏஜென்சி எல்லாம் சென்னையிலும் கோவையிலும்தானே இருக்கு, இங்கே யார் வருவா?" என்று கேட்டிருக்கிறாயே, அந்தச் சந்தேகம் வேண்டாம். பாளையங்கோட்டையில் எத்தனை கல்லூரி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஜ் இருக்கும். ஆஸ்பத்திரி, நகைக்கடை, கல்யாண மண்டபம், அல்வாக் கடை என்று எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து போஸ்ட் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பாதிப் பேருக்குப் பதவியின் பெயரே வேறாக இருக்கும். பகலில் கணக்கு எழுதும் பெண்தான் சாயங்காலம் இன்ஸ்டாகிராமுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த அலுவலகத்திலேயே அவள் வேலை என்னவென்று தெரிந்த ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார். ரீச், அதாவது போஸ்டைப் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை, குறைந்தால் ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்பார், ஆனால் அதைப் பற்றி உட்கார்ந்து பேச அவளுக்குத் துணை கிடையாது. இந்த மன்றம் முதலில் அவளுக்குத்தான் வேண்டும். ஏஜென்சிக்காரர்களுக்குப் பக்கத்து மேஜையில் ஆள் இருக்கிறது.

இது புது யோசனையும் இல்லை. 2006-லேயே சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் ஹியூயர், கிறிஸ்டி வெல்ஸ் என்ற இரண்டு பேர் சோஷியல் மீடியா கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ட்விட்டர் வந்ததும் அதே வருஷம்தான். பிறகு ஊர் ஊராகக் கிளைகள் வந்தன, அவற்றை நடத்தியதெல்லாம் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். உனக்குப் புரிந்ததை மற்றவர்களோடு பகிர்ந்துகொள் என்பதுதான் அவர்கள் கொள்கையாக இருந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்த சென்னை லினக்ஸ் குழுவைப் பார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவார்கள் என்பது பல வருஷமாக அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. நாங்கள் மூன்றாவது ஞாயிறு காலை என்று நிர்ணயித்தது அதைப் பார்த்துத்தான். தேதியை மாற்றாதே. பேச்சாளர் வரவில்லை, மழை, ஆள் குறைவு, எதற்காகவும் மாற்றாதே. நாலு பேர் வந்தாலும் நாலு பேரோடு நடத்து. ஒரு தடவை தள்ளிப் போட்டால் அடுத்த மாதம் எல்லாரும் "இந்தத் தடவை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மறுபடி தூக்கி நிறுத்துவது கஷ்டம்.

அடுத்து நான் ரொம்ப முக்கியம் என்று நினைப்பது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. சம்பளம் இல்லாத வேலையில் ஆர்வமுள்ள ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். இடம் பேசுவது, பேச்சாளரைக் கூப்பிடுவது, போஸ்டர் போடுவது, டீ சொல்வது எல்லாம் அவர்தான். மற்றவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவருக்குக் கல்யாணமோ வேலை மாற்றமோ வந்த அன்றைக்கு மன்றம் நின்றுவிடும். இப்படி நின்றுபோன நல்ல குழுக்கள் எத்தனையோ நம் ஊர்களில் இருக்கின்றன. இதற்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது அது, நம் ஊர் ஐடி கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும்கூட நடக்கிறது. அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னச் சின்னப் பொறுப்புகள் உண்டு. ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் பேச்சில் எத்தனை தடவை 'ஆ', 'ம்' வருகிறது என்று எண்ணுவார், இன்னொருவர் மொழியைக் கவனிப்பார். ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் அதே போலச் செய்கிறோம். முதல் தடவை வருபவருக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாத வேலை கொடுப்போம்: வாசலில் நின்று வருபவர்களை வரவேற்பது, பேச்சாளருக்கு நேரம் காட்டுவது. மூன்றாவது மாதம் பேசியதைக் குறிப்பெடுத்து அனுப்பச் சொல்வோம். அப்புறம் அவரே ஒரு கூட்டம் நடத்துவார். கையில் ஒரு வேலை இருந்தால் ஆள் திரும்பி வருவார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு எங்களிடம் ஒரு வருஷம்தான். நீ தொடங்குகிறாய் என்பதற்காக நீயே அஞ்சு வருஷம் உட்காராதே. பேஜின் பாஸ்வேர்டு, ஹால்காரர் நம்பர், உறுப்பினர் பட்டியல், கணக்கு நோட்டு, இவை நாலும் எப்போதும் இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும். அடுத்த ஆளைத் தேடுவதை முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடு.

கூட்டத்தில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தாய். பெரிய ஆளைக் கூப்பிட்டு 'பத்தே நாளில் பத்தாயிரம் ஃபாலோயர்' மாதிரித் தலைப்பு வைத்தால் ஹால் நிறையும், மறுக்கவில்லை. அடுத்த மாதம் அவர்களில் யாரும் வர மாட்டார்கள். வேலையில் மாட்டிக்கொண்டவர் தன் சிக்கலைக் கொண்டுவந்து வைக்கும் கூட்டம்தான் மனதில் நிற்கிறது. போன வருஷம் ஒரு புடவைக் கடையின் பேஜ் பார்க்கிற பெண் வந்திருந்தாள். சாயம் போன புடவை என்று ஒரு வாடிக்கையாளர் வீடியோ போட்டு, அது பரவி, ராத்திரியோடு ராத்திரியாகக் கமெண்ட் குவிந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிடு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவள் போனைப் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பேசப் பேச, மேலிருந்து நோட்டிபிகேஷன் ஒவ்வொன்றாகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஏமாத்துக்காரங்க." "அட்மின் தூங்குறியா?" அதற்கு மேல் வந்தவற்றை எழுத முடியாது. அந்தப் புடவையை அவள் நெய்யவும் இல்லை, விற்கவும் இல்லை. ஆனால் அத்தனை வசவும் வந்து விழுந்தது அவள் கையில் இருந்த போனில்தான். அறையில் யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி பேஜ் ஒன்றைப் பல வருஷமாகப் பார்த்து வரும் ஒரு அக்கா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "முதல்ல ஒண்ணையும் அழிக்காதே. பில்லோட வீடியோ போட்ட அந்த ஒரு அம்மாவுக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி பதில் எழுது. மன்னிப்புக் கேள், பில் நம்பரை மட்டும் தனியா அனுப்பச் சொல். கெட்ட வார்த்தையை ஹைட் பண்ணு. குறை சொல்றதை அப்படியே விடு" என்றார். அங்கேயே இரண்டு பேரும் சேர்ந்து நாலு வரி எழுதினார்கள். 'வருந்துகிறோம்' என்பதா 'மன்னிக்கவும்' என்பதா என்று ஹாலே சேர்ந்து யோசித்தது. அடுத்த நாள் கடை புடவையை மாற்றிக் கொடுத்தது, அந்த வாடிக்கையாளரே அதையும் வீடியோவாகப் போட்டார். அந்தப் பெண் இப்போது எங்கள் ஒருங்கிணைப்பாளர். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவளுக்கு இது கிடைத்திருக்காது, மாப்ளே. நான் இதில் இவ்வளவு பிடிப்போடு இருப்பது அந்த மாதிரி ஒரு காலைக்காகத்தான்.

சட்ட விஷயங்களுக்கும் வருஷத்தில் ஒரு கூட்டம் ஒதுக்கு. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை விளம்பரப் பதிவுகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டதே, அதைப் பற்றிப் பேசினோம். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பாராட்டினால் அதைப் பளிச்சென்று தெரியும்படி சொல்ல வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும், நேரலை என்றால் முழு நேரமும் தெரிய வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை போகும். கிளையண்ட் சொன்னார் என்று போஸ்ட் போட்டுக் கொடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் இலவசமாக வந்து பேசினார். உங்கள் ஊரிலும் கேட்டால் வருவார்கள்.

அப்புறம் ஒன்று. வாட்ஸ்ஆப் குழுவை மட்டும் நம்பாதே. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் படுத்து, ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நவராத்திரி விளம்பரங்களுக்குக் காசு கட்டியவர்கள் எல்லாம் தவித்துப் போனார்கள். ஒருவரை ஒருவர் கேட்கலாம் என்றால் எங்கள் குழுவும் அதே வாட்ஸ்ஆப்பில்தான் இருந்தது. மறுநாளே எல்லார் நம்பரையும் மெயிலையும் ஒரு தாளில் அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்தோம். அதற்கு முந்தின வருஷம் ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பி வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவனுக்கு ஒரே ராத்திரியில் வருமானம் போனது. மற்றவர்கள் தங்கள் கிளையண்டுகளிடம் பேசி அவனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்கள். ஊரடங்கு நேரம் வேறு, அவர்களுக்கே வேலை குறைவாக இருந்த காலம் அது.

ஆனால் இதே ஆட்கள் தொழிலில் போட்டியாளர்களும்கூட, அதை மறந்துவிடாதே. ஒரே நகைக்கடைக்கு மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருப்பார்கள். அதனால் இரண்டு விஷயத்தை முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடு. உள்ளே கேட்ட கிளையண்ட் விஷயம் வெளியே போகக் கூடாது. இங்கே தெரிந்துகொண்டதை வைத்து இன்னொருவர் கிளையண்டைப் பிடிக்கப் போகக் கூடாது. மீறினால் தயங்காமல் கேட்டுவிடு. சும்மா விட்டால் அடுத்த கூட்டத்திலிருந்து யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். சம்பளமும் ரேட்டும் வெளிப்படையாகப் பேசட்டும், அது நல்லது. மாதம் பன்னிரண்டு போஸ்ட் என்று பேசிவிட்டு முப்பது வாங்கிக்கொள்ளும் கிளையண்டிடம் எப்படிச் சொல்வது என்பதை ஒருவரிடமிருந்து ஒருவர்தான் கற்றுக்கொள்ள முடியும்.

பணம் பற்றி அதிகம் யோசிக்காதே. வருபவர்கள் டீக்கும் ஹாலுக்கும் பங்கு போடட்டும், கணக்கை அன்றைக்கே குழுவில் போட்டுவிடு. பதிவு செய்ய வேண்டும் என்றால் 1975-ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும், வருஷா வருஷம் பதிவாளரிடம் கணக்கும் கொடுக்க வேண்டும். எப்போது பதிவு கட்டாயமாகும் என்பதை உள்ளூர் ஆடிட்டர் ஒருவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள். ஸ்பான்சர் வருவார்கள். எங்களிடம் ஒரு மென்பொருள் கம்பெனி ஹாலும் மதியச் சாப்பாடும் தருவதாக வந்தது. பதிலுக்கு அரை மணி நேரம் அவர்கள் சரக்கைப் பற்றிப் பேச வேண்டும், உறுப்பினர்களின் போன் நம்பரும் வேண்டும் என்றார்கள். பேச்சுக்குக்கூடச் சம்மதித்திருக்கலாம், நம்பருக்கு முடியாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மாதம் தயிர்சாதப் பொட்டலம்தான்.

உனக்கு நான் சொல்வது, ஆவணிக்குள் முதல் கூட்டத்தைப் போட்டுவிடு. புரட்டாசி பிறந்தால் தீபாவளி வேலை தலைக்கு மேல் வந்துவிடும், கார்த்திகை வரை ஒருத்தரையும் பிடிக்க முடியாது. பேச்சாளர் வேண்டாம். பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக ஒரு இடம் பார், வெளியூரிலிருந்து வரும் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும்படி காலை நேரமாக வை. வட்டமாக நாற்காலி போட்டு, இந்த மாதம் வேலையில் உங்களை ரொம்பப் படுத்தியது எது என்று ஒரே ஒரு கேள்வி கேள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தேதி முடிவானதும் எழுது, முந்தின நாள் ராத்திரியே ரயிலேறி வந்துவிடுகிறேன். எங்கள் ஒருங்கிணைப்பாளரும் வர ஆசைப்படுகிறாள், அவள் தங்க வீட்டில் இடம் இருக்குமா என்று தங்கச்சியிடம் கேட்டுச் சொல். வாசலில் நின்று வரவேற்கிற வேலையை எனக்குக் கொடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்